முடக்குவாதமும் மாரடைப்பும்: அம்மா நடக்கலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு கிராமம் எங்களுடையது. என் அம்மாவுக்கு 57 வயது. 11 ஆண்டுகளாக முடக்குவாதம். இரண்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்தது. அதற்கு முந்தைய நாள் முழுவதும் தாடை வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்றார். மூட்டு நோவுதான் என்று விட்டுவிட்டோம். கோவையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்து, தினமும் நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களோ அசையவே கூடாது என்கிறார்கள். மாத்திரைகள் மிகவும் அதிகமாகிவிட்டதால், மூட்டுக்காக வாரம் ஒருநாள் போட்டுவந்த மாத்திரையை நிறுத்திவிட்டோம். வலி தாங்காதபோது மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தருகிறோம். அவருக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பும் குறைவு. பிறகு எப்படி மாரடைப்பு வந்தது? அவர் நடக்கலாமா? மஞ்சள் கேப்சூல் தரலாமா? மறுபடி மாடு கறக்க முடியுமா என்று அவரே கேட்கச் சொன்னார்.

பதில்: அம்மணி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் படித்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அந்த வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திவைத்த வாராந்திர மாத்திரைக்காக இந்த வாரமே மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அம்மா நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காமல் இருக்கக்கூடாது.

நிறுத்த வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை நிறுத்தியிருக்கிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இதே நிலையில் குடும்பங்கள் என் அறைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. மூட்டுக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர், தனித்தனியாக இரண்டு ஃபைல். ஒருவர் ஃபைலை மற்றவர் திறந்து பார்ப்பதில்லை. பாதிக் குற்றம் எங்கள் பக்கம்தான்.

கொழுப்பும் சர்க்கரையும் இல்லாமல் மாரடைப்பு எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். முடக்குவாதம் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோர் கண்ணும் விரலுக்கும் முழங்காலுக்கும் போய்விடுகிறது. அது மூட்டோடு நின்றுவிடும் நோய் அல்ல. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. அதில் எழும் அழற்சி ரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றிவருகிறது. அதற்கு இதய ரத்தக்குழாய் மட்டும் விலக்கா?

மாரடைப்பு என்றால் குழாய்க்குள் அழுக்கு சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் ஓடுகிறதே, அதன் மண் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நீர் கசிந்து மண் இளகிக்கொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று உடைத்துக்கொள்ளும். ரத்தக்குழாயின் சுவரில் கொஞ்சமாகப் படிந்திருக்கும் கொழுப்பை மூடி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அழற்சி அந்தத் தோலை உள்ளிருந்து அரிக்கிறது. தோல் கிழிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. படிவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அது ஆறாத புண்ணாக இருந்தாலே போதும்.

முடக்குவாதம் உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய மூட்டு மருத்துவர்களின் வழிகாட்டுதலே, வழக்கமான கணக்குப்படி வரும் இதய ஆபத்தை 1.5 ஆல் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு, இந்த ஆபத்து சர்க்கரை நோயாளிகளுடையதற்குச் சமமாக இருப்பதாகக் கண்டது. அந்தக் கொழுப்புச் சோதனை விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூட்டு நோய் கொதித்துக்கொண்டிருக்கும் காலத்தில் ரத்தத்தில் கொழுப்பின் அளவு குறைந்துதான் தெரியும். நோய் அடங்க அடங்கச் சற்று ஏறும். அதனால் அழற்சி மிகுந்திருந்தபோது எடுத்த சோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. கொழுப்பு குறைவாக இருக்கும்போது அதைக் குறைக்கும் மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்திவிடாதீர்கள்.

தாடை வலியை மூட்டு நோவு என்று நினைத்ததற்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். முடக்குவாதக்காரர்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. வந்ததே தெரியாமல் போவதும் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம். நாளெல்லாம் ஏதாவது ஒரு வலியோடு வாழ்கிறவர் புதிதாக வந்த வலியை எப்படிப் பிரித்தறிவார்? இனிமேல் தாடை, முதுகு, இடது கை என்று வழக்கமில்லாத இடத்தில் வலித்தாலோ, காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ 108-ஐ அழையுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் முதல் வேளை மாத்திரைகள் இருக்கும். கோவைக்குக் காரை விரட்டும் முன் அங்கே நிறுத்தினால் நேரம் மிச்சமாகும்.

இனி வலி மாத்திரை. நீங்கள் பெயர் எழுதவில்லை. மருந்துக்கடையில் மூட்டு வலி என்று கேட்டால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் இவற்றில் ஒன்றுதான் கைக்கு வரும். சத்தியமங்கலம் மலைக்கு அந்தப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பாறுக் கழுகுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாடு முழுக்க அந்த இனம் ஏறக்குறைய அழிந்ததற்கு முக்கியக் காரணம், மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்கள் கழுகுகள் அல்ல. நம் உடம்பு அந்த மருந்தைத் தாங்கும், பலருக்கு நல்லதும் செய்யும். ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு இந்த வகை மாத்திரைகள் மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன, உடம்பில் நீரைத் தேக்குகின்றன, ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் என்ற மருந்தை 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற்றதும் மாரடைப்புக் காரணத்தால்தான். அம்மா ஸ்டென்டுக்காக ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் போட்டுக்கொண்டிருப்பார். அவற்றோடு இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா என்று இன்றே கேளுங்கள். ஆமாம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும்.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? அளவோடு பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம். இவை போதாது என்று எனக்கும் தெரியும். முடக்குவாத வலிக்கு உண்மையான மருந்து, நோயின் வேரில் வேலை செய்யும் அந்த வாராந்திர மாத்திரைதான்.

அது மெதோட்ரெக்ஸேட்டாகத்தான் இருக்க வேண்டும். அதை நிறுத்தியதால்தான் வலி கூடியிருக்கிறது. வலி கூடியதால்தான் மருந்துக்கடைக்குப் போகிறீர்கள். இங்கே ஓர் ஆராய்ச்சிக் கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. அழற்சியை அடக்கினால் இதயம் பிழைக்குமா என்று மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி அது. 2017-இல் முடிவு வந்தது: மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் 15 விழுக்காடு குறைந்தன. உடனே, மலிவான மெதோட்ரெக்ஸேட்டை எல்லா இதய நோயாளிகளுக்கும் கொடுத்துவிடலாமே என்ற ஆசை பிறந்தது. 2018-இல் அந்த ஆய்வும் முடிந்தது, பலன் இல்லை. ஆகவே, முடக்குவாதம் இல்லாத உங்கள் மாமாவுக்கு இது இதய மருந்து ஆகாது. உங்கள் அம்மா கதை வேறு. அவர் உடம்பில் எரிவது முடக்குவாதத்தின் நெருப்பு. அதை அணைக்கும் மருந்தாக இது பல ஆண்டுகள் தேர்ந்த ஒன்று. இதைப் போட்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் முடக்குவாதக்காரர்களிடம் இதயப் பாதிப்பும் குறைவாகவே காணப்படுகிறது.

ஆனாலும் நீங்களாக மறுபடி தொடங்கிவிடாதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துவிட்டு மருத்துவர் சொல்லும் அளவில் ஆரம்பிக்க வேண்டும். இது வாரம் ஒருமுறை மாத்திரை. தினமும் போட்டால் உயிரையே எடுத்துவிடும். மருத்துவமனையிலிருந்து வந்த புதிய சீட்டில் எல்லாம் ‘காலை 1, இரவு 1’ என்று இருக்க, அதோடு இதையும் சேர்த்துத் தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலண்டரில் ஒரு கிழமையை வட்டமிடுங்கள். ஊர்ச் சந்தை கூடும் நாளாக இருந்தால் யாருக்கும் மறக்காது. இதோடு தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை வேறொரு நாளில். யாராவது இதற்குப் பதிலாக டோஃபாசிடினிப் என்ற முடக்குவாத மாத்திரையை எழுதினால், அம்மாவுக்கு மாரடைப்பு வந்த கதையை முதலில் சொல்லுங்கள். 50 வயதைத் தாண்டி, இதய ஆபத்தும் உள்ள முடக்குவாதக்காரர்களுக்கு மற்ற உயர்வகை மருந்துகளைவிட அது கெடுதல் கூடுதலாகச் செய்கிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெயரில்லாத டப்பாவில் வரும் மூட்டுவலிப் பொடியும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் வாய்ப்பு நிறைய. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லிக் குறையுங்கள்.

மஞ்சள் கேப்சூலா? ஈரோட்டுச் சீமையில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளைக் குறை சொல்லிவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியாது. குழம்பில் போடுங்கள், பாலில் போடுங்கள். அடர்த்தியாக்கி அடைத்த கேப்சூல் மட்டும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளோடு வேண்டாம்.

இப்போது நடைக்கு வருவோம். பார்க்க வருபவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவதோடு, ‘அசையாதே’ என்ற அறிவுரையையும் கொண்டுவருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 20 ஆண்டுகளுக்கு முன் பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒருவருக்கு நானே அதைச் சொன்னேன். அவருக்கும் முடக்குவாதம், அவருக்கும் மாரடைப்பு. மூட்டும் தேயக்கூடாது, இதயமும் களைக்கக்கூடாது என்று மூன்று மாதம் முழு ஓய்வு எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியதை அப்படியே கடைப்பிடித்த நல்ல மனிதர் அவர். திரும்பி வந்தபோது வேட்டிக்குள் தொடை இருக்கும் இடமே தெரியவில்லை. முக்காலியிலிருந்து எழ இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. தறிக் குழிக்குள் காலை இறக்கி உட்காரும் தெம்பு அவருக்குத் திரும்பவே இல்லை. நான் இந்த ஆராய்ச்சிப் பக்கம் வந்தது அவரால்தான்.

ஒரு காலத்தில் உலகம் முழுக்க மாரடைப்பு வந்தால் ஆறு வாரம் படுக்கைதான். 1952-இல் பாஸ்டனில் லெவின், லோன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெறுமனே உட்காரவைத்ததற்கே பெரிய எதிர்ப்பு! 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்துச் சோதித்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தபோது, 30 வருட வயோதிகம் உடல்திறனில் செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. உங்கள் அம்மா படுத்து இரண்டு மாதமாகிறது. முடக்குவாதமோ ஏற்கெனவே தசையைத் தின்னும் நோய்.

இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று இதற்கொரு முறையே இருக்கிறது. வாரம் மூன்று முறை, 12 வாரம், கண்காணிப்போடு உடற்பயிற்சி; கூடவே மருந்து, உணவு, மனத்தைரியம் பற்றிய ஆலோசனை. இதை முடித்தவர்களிடம் இதய நோயால் இறப்பதும், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. ஆனால் கோபியிலிருந்து கோவை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். 36 முறை போய்வர யாரால் முடியும்? நல்லவேளையாக, முறையாகச் சொல்லிக்கொடுத்து வீட்டிலேயே செய்யும் பயிற்சி மையத்தில் செய்வதற்கு ஏறத்தாழ இணையானது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோவைக்கு ஒருமுறை போனால் போதும். எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளந்து, பயிற்சி அளவை எழுதி வாங்கிவாருங்கள். பிறகு ஊரில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

வாய்க்கால் மேட்டில் நடக்கவைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இப்போது வேண்டாம். மேடு பள்ளமும் கல்லும் வீங்கிய கணுக்காலுக்கு ஆகாது. வீட்டு வாசலோ நெல் காயவைக்கும் சிமெண்ட் களமோ போதும். விடிகாலையில் எழுப்பாதீர்கள். முடக்குவாதக்காரருக்குக் காலையில் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். இளக ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். வெயில் தாழ்ந்து மாலை ஐந்து மணிவாக்கில் தொடங்குங்கள். கெட்டியான அடியும் பின்பட்டையும் உள்ள செருப்பு வேண்டும், ரப்பர் செருப்பு கூடாது. ஐந்து நிமிடம் மெல்ல நடந்து, உட்கார்ந்து, மறுபடி ஐந்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடுபவருக்கு அந்தக் கணக்கு ஏமாற்றும். நீங்களும் கூடவே நடந்து பேச்சுக் கொடுங்கள். தடையில்லாமல் கதை சொல்லிக்கொண்டு வந்தால் வேகம் சரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் அதிகம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், படபடப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டுக்கும் ஓர் அளவுகோல் உண்டு. நடந்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னைவிடக் கூடுதலாக இருந்தால், மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். வீங்கிச் சூடேறிய மூட்டு உள்ள நாளில் நடையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தே கால்களை நீட்டி மடக்கலாம். நடந்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் வீண். முடக்குவாதக்காரர்களை இரண்டு ஆண்டுகள் கடுமையாகவே பயிற்சி செய்யவைத்த நெதர்லாந்து ஆய்வில் விரல், பாத மூட்டுகளுக்குக் கேடு வரவில்லை. ஏற்கெனவே நன்றாகச் சிதைந்த முழங்கால், இடுப்பு, தோள் மூட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதனால் முழங்கால் எக்ஸ்ரேயைக் கையோடு எடுத்துப் போங்கள்.

யோகாவும் செய்யலாம். மாரடைப்பு வந்த சுமார் 4,000 பேரிடம் இந்தியாவிலேயே 24 மருத்துவமனைகளில் யோகா வழி மறுவாழ்வுப் பயிற்சியைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். இறப்போ மறு மாரடைப்போ குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவதில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். அம்மாவுக்கு 11 ஆண்டு முடக்குவாதம் என்பதால், கழுத்தின் மேல்பகுதி எலும்புகள் தளர்ந்திருக்கக்கூடும். கழுத்தைப் படம் எடுத்துப் பார்க்காமல் சர்வாங்காசனம், கழுத்தை முழுக்க வளைக்கும் ஆசனம் எதுவும் கூடாது. கோவைப் பக்கம் யோகா கற்றுத்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. இதைக் கேட்டுவிட்டுக் கற்றுத்தருபவராகப் பாருங்கள்.

கடைசியாக, மாடு. அம்மா கேட்ட கேள்வி என்பதால் அவருக்கே பதில் சொல்கிறேன். அம்மா, இப்போதைக்கு வேண்டாம். குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் பாத்திரத்தை இடுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை இறுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென ஏறும். பெருவிரலை உள்ளே மடக்கி முட்டியால் காம்பை நெரிக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் கறக்கிறார்கள். அது உங்கள் பெருவிரலுக்கும் கெடுதல், மாட்டின் காம்புக்கும் கெடுதல். 12 வாரப் பயிற்சி முடிந்து, மருத்துவர் சரி என்றால், உயரமான முக்காலி போட்டு, ஐந்து விரலாலும் உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து, ஒரு மாடு மட்டும் கறந்து பாருங்கள். சொசைட்டிக்குப் பால் கேனைத் தூக்கும் வேலை வேறு யாருக்காவது போகட்டும்.

மாடு என் கைக்குத்தான் பழகியிருக்கிறது, வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் என்பீர்கள். உண்மைதான். அதனால் தினமும் கறக்கும் நேரத்துக்கு நீங்கள் தொழுவம்வரை நடந்து போக வேண்டும். தலைமாட்டில் நின்று, கழுத்தைத் தடவிக்கொடுத்து, வழக்கம்போலப் பேச்சுக் கொடுங்கள். கீழே உட்கார்ந்து மருமகன் கறக்கட்டும். முதல் நாலைந்து நாள் பால் குறையும். போகவர ஆகும் நடையை அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.